சொந்தக் கோல்

டூகல் ராட்ரே.
எங்கள் வாயில் அது தூக்கல்.
உப்புத் தூக்கல், காரம் தூக்கல் என்பதுபோல
வெள்ளைக்காரன் தூக்கல்.

பீடோங்கில் அதற்குமுன் இறங்கிய ஸ்காட்லாந்துக்காரர்கள்
எல்லாரும் துரைகள்.
தோட்டத்துக்குத் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள்.
நாய்க்கும் அதையே வைத்தார்கள்.
சம்பளம் போட்டவர்கள் அவர்கள்.
சம்பளம் வாங்க வந்தவன் இவன் ஒருவன்தான்,
அதிலும் இரண்டு மாதம் பாக்கி.

முப்பத்து நாலு வயது.
வலது முழங்காலில் சாய்வாக மூன்று கோடு,
நேற்று வெட்டிய ரப்பர்ப் பட்டை மாதிரி.
அவன் ஊர்க் கணக்கில் இருநூற்றுப் பதினொரு கோல்.
முதலாவது பதினேழு வயதில், சேற்றில், மூக்கால்.
மூக்கைத் தொட்டுக் காட்டித்தான் சொன்னான்.
ஒரு பருவத்தில் முப்பத்தொன்று.
அந்த வருஷம் தேசிய அணியின் சட்டையைக் கொடுத்து
பெஞ்சில் உட்காரவைத்து
ஈரம் படாமல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.
பிறகு விற்றார்கள்,
பிறகு இரவல் கொடுத்தார்கள்,
பிறகு சும்மா விட்டார்கள்.
சும்மா கிடைத்தவனை எங்கள் மாநில அணி எடுத்தது.

எட்டு ஆட்டம். ஒன்றும் இல்லை.
ரசிகர்கள் மைலோப் பையை முடிச்சோடு எறிந்தார்கள்.
"பால் வத்திப்போச்சு" என்றார்
கோப்பிக் கடையில் நிறுவைக் கிராணி.
ரப்பரை விட்டுப் பேச அவருக்கு வராது.

பாடாங்கில் புது விளக்குக் கம்பம் திறந்த இரவு.
ரிப்பன், பேச்சு, பொட்டலச் சோறு.
காயம் பட்டவன் வேண்டாதவன் எல்லாரையும் சேர்த்து
ஒரு வேன் நிறைய அனுப்பியிருந்தார்கள்
எங்கள் வட்டாரத் தோட்ட அணியோடு ஆட.

நான் ஸ்டாப்பர். சன்னாசி. ஆலை லோரி ஓட்டுகிறவன்.
பகலில் பன்னிரண்டு டன் செம்பனைக் குலை,
இரவில் தூக்கல்.
முதுகில் முட்டிக்கொண்டே பேசுவான்.
என்ன பேசினான் என்று இன்றும் கேட்கிறார்கள்.
இங்கிலீஷ் என்றுதான் நினைக்கிறேன்.

எழுபத்திரண்டாவது நிமிடம், கார்னர்.
சாயங்கால மழைக்கு ஈசல் கிளம்பி
விளக்கையெல்லாம் மூடியிருந்தது.
ஈசலைக் கிழித்துக்கொண்டு பந்து வந்தது.
அந்த முழங்காலோடு குதிக்கக் கூடாது.
குதித்தான்.
நான் குதித்து முடிக்கும்போது
அவன் ஏற்கெனவே அங்கே இருந்தான்,
கொஞ்ச நேரமாகவே இருந்தவன் போல.
ஈரத்துணியைக் கல்லில் அறைந்த சத்தம் நெற்றியில்.
பிறகுதான் பந்து என் தோளை உரசியது.
பிறகு வலை.

நடுவர் சார்ஜன் ஜமாலுதீன்
கண்ணிலிருந்து ஒரு இறக்கையை எடுத்துப்போட்டுவிட்டு
எழுதினார்: சன்னாசி, சொந்தக் கோல்.

இறங்கியவன் எழுந்திருக்கவில்லை.

சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்கு என் லோரியில்தான் போனோம்.
குலை வாடை, டேஷ்போர்டில் முருகன்,
ஒரு காலை என் துண்டில் கட்டி ஜன்னல் பக்கம் நீட்டியிருந்தான்.
ரயில் கேட்டில் நின்றபோது
தன் நெஞ்சைத் தொட்டான்.
என் தோளைத் தொட்டான்.
புருவத்தை உயர்த்தினான்.
இந்தக் கேள்விக்கு எந்த பாஷையும் வேண்டாம்.
நான் புரியாதவன் மாதிரி கியரை மாற்றினேன்,
கேட் இன்னும் திறக்கவே இல்லை.

சொந்தக் கோல் என்றால் துரதிர்ஷ்டம்.
ஊர் சிரிக்கும், மறக்கும்.
ஒற்றைக்கால் கிழவன் என் தலைக்குமேல் ஏறினான் என்றால்
அடுத்த ஞாயிறு என் இடம் ரத்தினசாமிக்கு.

ஊர் மறக்கவில்லை. அது வேறு.

டூகல் ராட்ரே அதோடு பூட்ஸைக் கழற்றினான்.
பாக்கிச் சம்பளம் வந்ததா தெரியாது.
எங்கே பார்த்தாலும் இருநூற்றுப் பதினொன்றில் நிற்கிறது
அவன் கணக்கு.
நட்பு ஆட்டத்தை எவனும் சேர்ப்பதில்லை,
நான் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தாலும்.
தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு நம்பர் கடையில்
இரண்டு வெள்ளி கட்டுகிறேன். 0212.
முப்பது வருஷம் தாண்டிவிட்டது.
கனவில் வந்த நம்பரா என்று கேட்பாள் லியோங் மனைவி.
கடன் என்பேன்.
ஒருதடவைகூட விழுந்ததில்லை.

போன மாசியில் 0211-க்கு ஆறுதல் பரிசு.
நான் எடுக்கவில்லை.